துவாயில் நின்ற நிறம்

என் அலுமாரியின் அடித்தட்டில் தலை துவட்டுகிற வெள்ளைத் துவாய் ஒன்று இருந்தது. வெள்ளை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். கழுத்தில் படியும் இடத்தில் அரைவட்டமாக ஒரு பழுப்பு நிறம் பிடித்திருக்கிறது. பார்ப்பவர்கள் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது என்றே நினைப்பார்கள். சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், தேசிக்காய்ப் புளி தேய்த்துப் பார்த்தேன், பெரியகல்லாற்றுக் கடற்கரை வெயிலில் மூன்று நாள் விரித்தும் வைத்தேன். துணி நைந்ததே தவிர நிறம் அசையவில்லை. துவாய் என்னுடையதல்ல. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கழுவித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் போயிற்று.

துவாய்க்கு உரியவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். காத்தான்குடியில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் இருவரும் வேலை செய்த இடம் அந்த ஊரிலேயே, வாவிப் பக்கம் திரும்பிய ஒரு பழைய வீடு. முன்பக்கம் ஐந்து கைத்தறி, பின்பக்கம் சாய அறை. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை அதை நடத்தினார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், எங்களைப் பார்க்கிற பார்வையும் அதேதான். நூலுக்குச் சாயம் போடுவது ஒரு வேலை, தலைமயிருக்கு நிறம் கொடுக்கும் தூள் அடைப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே சரக்கு, வால்நட் தோல். நாட்டு மருந்துக் கடையில் அக்குரோட்டு என்று கேட்டால் பருப்பை எடுத்துத் தருவார்கள். எங்களுக்கு வேண்டியது பருப்பும் அல்ல, ஓடும் அல்ல. ஓட்டுக்கு மேலே பச்சையாக இருந்து, காய்ந்ததும் கறுத்துச் சுருங்குகிற அந்தத் தோல். குளிர் நாட்டு மரம். எங்கள் வெக்கையில் அதன் ஒரு கன்றைக்கூட நான் கண்டதில்லை. கொழும்பில் இருந்து தூளாகச் சாக்கில் வரும். சாக்கை அவிழ்த்தால் மழைக்குப் பிந்திய மண்ணும் பழைய தேயிலையும் சேர்ந்த ஒரு மணம் வரும்.

சாயங்களிலேயே அது ஒரு பிடிவாதக்காரச் சாயம். மற்றவற்றுக்குப் படிகாரம் போட்டுக் கெஞ்ச வேண்டும். இதைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டுக் கொதிக்க வைத்து வடித்தால் போதும், தானாகவே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டுவிட்டால் பழுப்பு கறுப்பாகும். பருத்தியில் மங்கலாகத்தான் நிற்கும் என்று டீச்சர் சொல்வார். அந்தத் துவாய்க்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலும். ஆனால் எல்லாவற்றையும் விட அது ஆசையோடு பிடிப்பது மனிதத் தோலில். கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. அரை மணித்தியாலம் போகத்தான் மெல்ல நிறம் எழும். எழுந்தால் எதற்கும் போகாது, தோல் தானாக உரிந்து புதுத்தோல் வரும்வரை, இரண்டு மூன்று கிழமை, இருந்தே தீரும். அதனால் சாய அறையில் கையுறை இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. மாலையானதும் கையுறைகள் கழுவி அவருடைய அலுமாரிக்குள் போய்விடும். இன்னொரு கட்டளையும் இருந்தது. தூளில் ஒரு கரண்டிகூட வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்கு முன் அந்த வேலையில் இருந்த பெண் போனது ஒரு சின்னப் பொட்டலத்தால்தான்.

நான் அப்போது இருபத்தாறு வயதுக்காரி. பெரியகல்லாற்றில் இருந்து காலை பஸ்ஸில் போவேன். அப்பா தோணியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்த வருடம் அது. வலை வேறு ஆட்கள் கைக்குப் போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது என் வேலையால்தான். இதை நான் ராத்தாவிடம் மட்டுந்தான் சொல்லியிருந்தேன். ராத்தா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஆனால் வேலையில் எனக்குப் பிறகு சேர்ந்தவர். சாயம் கலக்குவது என் பொறுப்பு, நூலை முக்கிப் பிழிவது அவர் பொறுப்பு. மெலிந்த உடம்பு, பெரிய கை. பேச்சில் ஒரு குறும்பு எப்போதும் இருக்கும். நான் சோற்றை அள்ளி விழுங்குவதைப் பார்த்து, "ஆறுதலாத் தின் புள்ள, கறி ஓடிப் போகாது," என்பார். வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லை. வியாழன் சாயந்தரம் அவர் முகம் கொஞ்சம் வாடும். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. பிள்ளை இல்லை, தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். கலியாணத்துக்குக் கொடுத்த வீடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் பெயரில் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஆறு வருடமாக வளைகுடாவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் சந்துபோல ஒரு ஒழுங்கை, அதற்கு எதிர்ப்புறம் மாப்பிள்ளையின் மூத்த சகோதரி இருந்தார், ராத்தாவுக்கு மதினி. மதினிக்கு ராத்தா மேல் கோபம் இல்லை, பிரியமும் இல்லை. தம்பியின் சாமானைப் பார்த்துக்கொள்ளும் ஒரு காவல்தான் இருந்தது.

அந்த வருடம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது. அடுத்த வியாழன் வருகிறார் என்று ராத்தா சொன்னபோது சாய வாளிக்குள் கரண்டியைப் போட்டுவிட்டார். பிறகு இரண்டு நாள் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டதற்கு முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் காட்டினார். நெற்றியில் இருந்து உச்சிவரை ஒரு வெள்ளைப் பட்டை. "அவர் போகக்குள்ள ஒண்டும் இல்ல புள்ள. போனில கதைக்கக்குள்ளயும் முக்காட்ட இழுத்து விட்டிருவன். என்னட்டயுமா முக்காடு எண்டு சிரிப்பார்." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. கடைச் சாயம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஒருமுறை போட்டு நெற்றியெல்லாம் வீங்கியதாம். நான்தான் சொன்னேன், நம்மிடமே சரக்கு இருக்கிறதே என்று. அவர் கேட்கவில்லை. இதை நான் எத்தனை தரம் எனக்கே சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

வியாழன் மாலை அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு துளி தொட்டுவைத்தேன், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. வெள்ளிக்கிழமை காலை, அடுப்பு மூட்ட நேரத்தோடு வருபவள் என்பதால் என்னிடம் இருந்த சாய அறைச் சாவியால் திறந்து, ஒரு கிண்ணம் தூள் எடுத்தேன். கையுறை டீச்சரின் அலுமாரியில். ராத்தா வீட்டுக் கிணற்றடியில் கையில் பிளாஸ்டிக் சொப்பின் பையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன், அது வழுக்கிக்கொண்டே இருந்தது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பூசினேன். தோளில் அந்த வெள்ளைத் துவாய். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு, மாப்பிள்ளை வந்தால் சமைக்கப் போகும் கறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுவும்போது நான் தண்ணீர் ஊற்ற, அவரே இரண்டு கையாலும் மயிரைப் பிழிந்தார், நூல் பிழிந்த பழக்கத்தில் நன்றாகவே பிழிந்தார். வெயிலில் உலர்ந்தபோது மயிர் நல்ல பழைய தேக்கு மரத்து நிறத்தில் மினுங்கியது. பத்து வயது குறைந்துபோனார். அதன் பிறகுதான் இருவரும் கையைப் பார்த்தோம். நான்கு கையும் மணிக்கட்டுவரை பழுப்பு. விழுந்து விழுந்து சிரித்தோம். நாளைக்கு டீச்சர் கேட்டால் வாளி சரிந்தது என்று சொல்வோம் என்றேன். துவாயை நான் கழுவித் தருகிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். எவ்வளவு சந்தோஷமான பகல் அது. அதைப் போல இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை.

சனிக்கிழமை வேலைக்குப் போனபோது தறிகள் நின்றிருந்தன. டீச்சர் வாசலிலேயே சொன்னார். ராத்தாவின் மாப்பிள்ளை முந்தின நாள் மத்தியானம் வளைகுடாவிலேயே நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார். செய்தி விடியற்காலை சுபஹுத் தொழுகை நேரம்தான் வந்ததாம். நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு டீச்சரோடு நடந்தேன். அப்போது அதை மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சுற்றவில்லை என்றுதான் நம்புகிறேன். நம்பத்தான் விரும்புகிறேன்.

ராத்தா உள்ளறையில் வெள்ளை உடுத்திப் பாயில் இருந்தார். இத்தா தொடங்கிவிட்டது. நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அலங்காரம் ஏதும் இல்லாமல் இருக்க வேண்டிய காலம். சுற்றிலும் பெண்கள். மடியில் வைத்திருந்த கை இரண்டும் எல்லார் கண்ணுக்கும் நேராக இருந்தன. ஒரு நாளில் நிறம் இன்னும் இறங்கிக் கருஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கையைக் கண்டால் யாரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள்.

மதினிதான் கேட்டார், அழுது தொண்டை கட்டிய குரலில். "இதென்ன கையில? மருதோன்றியா?"

"இல்ல மதினி. வேலையில பட்ட சாயம்."

அப்போது டீச்சர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், தன் இடத்தின் ஒழுங்கைச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். "நம்மட இடத்தில உறை போடாம ஆரும் சாயத்தில கை வைக்கிறதில்லயே."

மதினி என் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே வேல செய்யிற? உன்ட கையிலயும் இப்பிடிப் படுமா?"

நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை. சேலைத் தலைப்பில் இருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தால் போதும். என் பக்கத்தில் டீச்சரின் தோள் உரசிக்கொண்டிருந்தது. படுக்கையில் அப்பா, பூட்டிய அலுமாரி, பொட்டலத்தால் போன பெண், எல்லாம் ஒன்றாக மனதில் வந்து நின்றன. "நான் உறை போட்டுத்தான் செய்யிற," என்றேன். அது உண்மைதான். எல்லா நாளும் உண்மை, அந்த ஒரு நாளைத் தவிர.

ராத்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அறையில் அவருக்கு மட்டும் தெரியும். முக்காடு சற்று விலகியிருந்தது. வியாழக்கிழமை நான் தொட்ட அந்தத் துளி காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் மாதிரி இருந்தது. பிறகு அவர் கண்ணைத் தாழ்த்தி, "நான்தான் போட்டன் மதினி. அவர் வாறாரெண்டு," என்றார்.

மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "என்ட தம்பிட உசிரு போற நேரம் இவ மருதோன்றி வெச்சிட்டு இரிந்திரிக்காவே." துக்கத்தில் மனிதர்கள் கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பார்கள், அவருக்கு அகப்பட்டது அந்த வார்த்தை. ஆனால் வார்த்தைக்குக் கால் முளைத்துவிட்டது. அடுத்த கிழமைக்குள் அது ஏறாவூர்வரை போய்வந்ததைப் பஸ்ஸில் என் காதாலேயே கேட்டேன். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியும் முதலில் பார்த்தது கையைத்தானாம்.

என் கை நிறம் போகப் பதினெட்டு நாள் எடுத்தது. டீச்சரிடம் இரண்டாம் நாளே வாளி சரிந்த கதையைச் சொன்னேன், அவர் நம்பினார், புதுக் கையுறை ஒன்று தந்தார். ஒவ்வொரு நாளும் விரலைப் பார்த்து, இன்றைக்கு அவருடையதும் இந்த அளவு மங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். நிறம் போனதும் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். போன பிறகு, இனி எந்தக் கையோடு போவது என்று தோன்றியது. மண்டூர்க் கோயில் திருவிழா முடியட்டும் என்றேன். அது முடிய அப்பாவுக்குக் காய்ச்சல், காய்ச்சல் விட மாரி மழை. போகாமல் இருக்க மனம் வைத்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம். இத்தா முடிந்தும் ராத்தா வேலைக்கு வரவில்லை. நூல் பிழிய வேறொருவர் வந்தார், நல்ல பெண், நான் அவரோடு சேர்ந்து சாப்பிட்டதே இல்லை. சில வருடம் கழித்து ராத்தா வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்குப் போய்விட்டார் என்று தறிக்காரர் ஒருவர் சொன்னார். மாப்பிள்ளை அடக்கமான அதே ஊருக்கு.

பிறகு டீச்சர் இடத்தை மூடினார். அப்பா போனார். தம்பி வெளிநாட்டில் குடியேறினான். கலியாணப் பேச்சுகள் வந்தன, வந்த வழியே போயின, எனக்கும் வருத்தம் இருக்கவில்லை. இப்போது வீட்டுப் பின் அறையில் நானே தலைமயிர்த் தூள் செய்து மட்டக்களப்புக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பைக்கற்றில் "கையுறை அணிந்து பூசவும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். நான் மட்டும் கையுறை போடுவதில்லை. தனியாக வேலை செய்யத் தொடங்கியதில் இருந்து போட்டதே இல்லை. இதில் தியாகம் ஒன்றும் இல்லை, கையுறையை எடுத்தால் ஒரு அருவருப்பு, அவ்வளவுதான். நேரம் கடந்த நேர்மைக்கு ஒரு செலவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் காத்தான்குடிக் கடையொன்றில் தூளைக் கொடுத்துவிட்டு, என்ன துணிச்சலோ, அந்த ஒழுங்கைக்குள் திரும்பினேன். துவாய் பைக்குள் இருந்தது. பல தடவை அப்படி எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். ராத்தா வீட்டுக் கேட்டில் பூட்டு. எதிர்வீட்டில் இருந்து ஒரு வயதான பெண் மெல்ல வந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கிட்ட வந்து கேட்டைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்து முகத்துக்கு அருகே தூக்கிப் பார்த்தார். "மருதோன்றியா புள்ள? நல்லாப் பிடிச்சிரிக்கி," என்றார். மதினியேதான்.

எனக்குள் பதினைந்து வருடமாகக் கிடந்தது வாய்க்கு வந்தது. "இல்ல. வால்நட் சாயம். அண்டைக்கு ராத்தாட கையில இருந்ததும் இதுதான். நான்தான் போட்டுவிட்ட."

அவர் கையை விடவில்லை. நான் எதிர்பார்த்த கோபமும் வரவில்லை. "அந்தப் புள்ளயா நீ," என்றார். "தெரியும். இத்தா முடிஞ்ச அண்டைக்கே அவ எனக்குச் சொல்லிட்டா. புள்ளட வேல போயிரும், ஆருக்கும் சொல்லப்படா எண்டும் சொன்ன. நான் அவட கையப் பிடிச்சி மன்னிப்புக் கேட்டன். மறுகா அவ வெளிநாடு போகும் மட்டும் ரெண்டு பேரும் ஒரு சட்டிச் சோறுதான் தின்ட."

தனியறையில் பழியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் இருப்பதாக நான் இத்தனை வருடம் நினைத்து அழுதிருக்கிறேன். அந்தப் பெண் ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறார். மனம் ஆறுவதற்குள் மதினி அடுத்ததைச் சொன்னார், குற்றம் சாட்டும் குரலில் அல்ல, மழை பெய்தது என்று சொல்வது மாதிரி. "சாயத்துக்கு அவ அழல்ல புள்ள. நீ இண்டைக்கு வருவாய், நாளைக்கு வருவாய் எண்டு இந்தக் கேட்டப் பாத்துப் பாத்துத்தான் அழுத."

போன் நம்பரும் அவரே தந்தார். பஸ் நிலையத்தில் இருந்தே எடுத்தேன், வீட்டுக்குப் போனால் எடுக்க மாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். நீண்ட நேரம் அடித்த பிறகு, "ஆரு?" என்று அந்தக் குரல் கேட்டது. பெயர் சொல்ல வரவில்லை. "துவாய் என்னட்ட இருக்கு ராத்தா," என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம். பிறகு, "கழுவித் தாறன் எண்டு கொண்டு போனாய். இன்னும் கழுவி முடியல்லயா புள்ள?" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் அரபியில் உரத்துக் கூப்பிட்டாள். "வீட்டுக்காரி கூப்பிடுறா. மறுகா எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

ஐந்து கிழமை ஆகிறது. நான் எடுத்துப் பார்த்தேன், அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. வேலை கூடிய வீடாக இருக்கும். போன் பறிக்கப்பட்டிருக்கலாம். வேண்டாம் என்றும் இருக்கலாம், அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. நான் தூள் அரைக்கிறேன், சலிக்கிறேன், பைக்கற்றில் அடைக்கிறேன், இடையிடையே மேசையில் கிடக்கும் போனைத் திருப்பிப் பார்க்கிறேன். அதன் கண்ணாடி முழுக்க என் பழுப்பு விரல் அடையாளம். துவாயை அடித்தட்டில் இருந்து எடுத்து, மடித்து, கைக்கு எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன்.